கும்பத்துக்கு ஏழு வரி

மார்ச் 12, 2025, புதன்

சனிக்கு நிலாக்கள் 274. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம் நேற்று ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலாக்களை அங்கீகரித்திருக்கிறது. காலையில் ஏஜென்சி செய்தியாக வந்ததை மையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொண்டேன்.

எங்கள் பத்திரிகையின் சனிப்பெயர்ச்சிச் சிறப்பிணைப்பு போன ஞாயிறு, 9ஆம் தேதி வெளிவந்தது. பதினாறு பக்கம். பன்னிரண்டு ராசிக்கும் ஜோதிடரின் பலன். நடுவில் இரண்டு பக்கம் நான் எழுதிய 'சனிக் கோள்: அடிப்படைத் தகவல்கள்'. அதில் நிலாக்கள் 146 என்று இருக்கிறது. அச்சான அன்று சரி. மூன்றாம் நாள் தவறு. திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு பொறுப்பாசிரியர் தேவசகாயத்திடம் போனேன்.

"அண்ணாச்சி, சனிக்கு எத்தன நிலான்னு பாத்தா எவனும் பொண்ணு குடுக்கான்?"

"தப்பா இருக்கக் கூடாதுல்லா."

"முப்பத்தோரு வருசமா இதே பாட்டு. வச்சிட்டுப் போங்க, போடுதேன்."

நாளை ஐந்தாம் பக்கத்தில் வரும்.

மாலையில் அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு 17ஆம் தேதி நடக்க இருந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். 29ஆம் தேதிப் பெயர்ச்சி முடிந்து ஏப்ரல் 2. காரணம் கேட்டேன். "உங்க பேப்பர்லயே போட்டிருக்கே" என்றாள்.

அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்காக மனைவி ஓசூர் போய் இன்றோடு பதினோரு நாள்.

மார்ச் 14, வெள்ளி

அலுவலகம் போகும் வழியில் பெருமாள்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

குத்தாலிங்கம் அத்தான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி ஓரிடத்தில் புடைத்திருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய குழாய் பிப்ரவரி 10 ஸ்கேனில் 5.7. ஐந்தரையைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் அருள்மேரி சொன்னபோது நானும் உடனிருந்து குறித்துக்கொண்டேன். வெடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. வலி எதுவும் கிடையாது என்பதால் பார்ப்பவர்களுக்கு அவர் நோயாளியாகத் தெரியமாட்டார். நான் போனபோது துறட்டியால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடை அக்கா எங்கள் இணைப்பை நான்காக மடித்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டு வாசித்தாள்.

"'கும்பம். ஆரோக்கியம்: ஜென்மச் சனியின் கடைசிக் கட்டம். உடலில் ஆயுதம் படும் காரியங்களைப் பெயர்ச்சிக்குப் பின் வைத்துக்கொள்வது உத்தமம். அவசரம் அனர்த்தம்.' கேட்டியால? அவசரம் அனர்த்தமாம்."

"அவசரம்னு டாக்டர்தான சொல்லியிருக்காங்க அக்கா."

"டாக்டரு எல்லாருக்கும்தான் சொல்லுதாங்க. இது கும்பத்துக்குன்னு தனியா போட்டிருக்கு. அதுவும் நீ வேல பாக்குற பேப்பரு. நிலா கணக்கு தப்புன்னு நேத்தே திருத்திப் போட்டிருக்கிய. இது தப்பா இருந்தா விட்டிருப்பியா?"

அத்தான் முருங்கைக்காயோடு உள்ளே வந்தார். "மாப்ள, நீ எழுதுனதப் படிச்சேன். தண்ணிய விட லேசான கோளாமே. தாமிரவருணியில தூக்கிப் போட்டா மெதக்குமோ?"

"அவ்வளவு பெரிய ஆறு இருந்தா மிதக்கும் அத்தான்."

"மெதக்குற பயலுக்கா இவ எள்ளு வெளக்கு ஏத்துதா?"

"வாயக் கழுவுங்க" என்றாள் அக்கா.

காப்பி குடித்தேன். ஆறு முருங்கைக்காய் கொடுத்தாள். கிளம்பிவிட்டேன்.

மார்ச் 15, சனி

ஜோதிடருக்குப் போன் செய்தேன். கண்புரை அறுவை முடிந்து மூன்றாம் வாரம், நன்றாகத் தெரிகிறதாம். இணைப்பு அருமையாக வந்திருக்கிறது என்றார். கும்பம் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். மகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள், அச்சுப்பிழையே இல்லை என்றார்.

அவருடைய ராசி எது என்று கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று காலை எட்டு மணிக்கு நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை.

பைக் பின் டயர் பஞ்சர். கேஸ் சிலிண்டர் வந்தது. பாபநாசம் அணை நீர்மட்டம் கேட்டு வாங்கிப் போட்டேன்.

மார்ச் 19, புதன்

மதியம் அலுவலகத் தொலைபேசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண். கணவருக்குக் கும்ப ராசி. காலில் சர்க்கரைப் புண், ஒரு விரலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஆயுதம் படும் காரியம்னு போட்டிருக்கே, வெரலு அதுல சேருமா சார்? ஜோசியர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். "நீங்க யாரு பேசுதீங்க?" என்று கேட்டார். நிருபர் என்றேன். "அப்ப ஜோசியர்ட்டயே குடுங்க."

எண்ணைக் குறித்து வைக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு எண்ணைக் குறிக்காமல் போனை வைத்தது இதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

நெல்லைப் பதிப்பு நாற்பத்தோராயிரம் பிரதி. பன்னிரண்டில் ஒரு பங்கு கும்பம். ஒரு வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய பதினாலாயிரம் பேர்.

பதிவுக்காக: 5ஆம் தேதி பக்கம் கட்டும்போது கும்பத்தில் ஏழு வரி குறைந்தது. அது நிரப்பப்பட்டது.

மார்ச் 21, வெள்ளி

ஸ்கேன். 6.1.

டாக்டர் அருள்மேரி படத்தைத் திருப்பிக் காட்டினார். "அய்யா, நீங்க டிரைவர். டியூப் ஒரு எடத்துல மட்டும் பொடச்சுக்கிட்டு நின்னா என்ன செய்வீங்க?"

"டெப்போவுக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றார் அத்தான்.

"எத்தனை ஸ்பீடுல?"

அத்தான் சிரிக்கவில்லை. அக்கா, "ரெண்டாம் தேதி வந்துருதோம் டாக்டர். பன்னெண்டு நாளுதான்" என்றாள்.

"அஞ்சரை வாரத்துல நாலு மில்லிமீட்டர் கூடிருக்கும்மா. பன்னெண்டு நாளு எனக்கு ரொம்ப அதிகம்." பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க பத்திரிகைக்காரர். நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

படிக்கட்டில் இறங்கும்போது அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். போன வாரம் மரத்தடியில் எம்பி எம்பித் துறட்டி போட்டவர்.

மார்ச் 23, ஞாயிறு

வாராந்திர விடுமுறை. துணி துவைத்தேன்.

சனியின் வளையங்கள் இன்று பூமிக்கு நேர் விளிம்பாகத் திரும்பியிருக்கின்றன. வளையங்களின் குறுக்களவு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். அதனால் விளிம்பாகத் திரும்பும்போது தொலைநோக்கியில் அவை இல்லாததுபோல் ஆகிவிடும். பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். இந்த முறை அதைக்கூடப் பார்க்க முடியாது. கோள் இப்போது சூரியனை ஒட்டி அதன் மறுபக்கத்தில் இருக்கிறது. ஊரே பேசிக்கொண்டிருக்கும் சனி இந்த மாதம் வானத்தில் எவர் கண்ணுக்கும் தெரியாது.

5ஆம் தேதி நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஜோதிடர் கண் கட்டுடன் இருந்ததால் பலன்களைச் சொல்லச் சொல்ல மகள் எழுதி அனுப்பியிருந்தாள். கும்பத்துக்கு ஆரோக்கியப் பத்தியே இல்லை. மாலை நான்கு மணிக்கு இணைப்பு அச்சுக்குப் போக வேண்டும். ஜோதிடர் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. பக்கம் வடிவமைக்கும் இசக்கியம்மாள் கூப்பிட்டாள்: "அண்ணாச்சி, கும்பத்துல ஏழு வரி பள்ளம். எதையாவது போட்டு அடைங்க."

பலன் குறைந்தால் பழைய இணைப்பிலிருந்து எடுத்து வேறு ராசியில் வைப்பது எல்லாப் பத்திரிகை மேசைகளிலும் நடப்பது. கேலி செய்துகொண்டே செய்வோம். நான் 2023 ஜனவரி இணைப்பை எடுத்தேன். விருச்சிகத்தின் ஆரோக்கியப் பத்தி சரியாக ஏழு வரி. தொடக்கத்தில் மட்டும் 'ஜென்மச் சனியின் கடைசிக் கட்டம்' என்று மாற்றினேன். 'அவசரம் அனர்த்தம்' என்பதை நானே சேர்த்தேன். கடைசி வரியில் இரண்டு சொல் இடம் இருந்தது.

மூன்று நிமிட வேலை. அடுத்த பக்கத்தில் சனியின் ஒரு நாள் 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்பதைச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் செலவிட்டேன்.

அத்தானுக்கு என்ன ராசி என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில்லை. இதுவும் உண்மைதான்.

மார்ச் 24, திங்கள்

தேவசகாயத்திடம் கும்பத்துக்குத் திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னன்னு போடுவீங்க? ஜோசியர் பேருல வந்தது ஜோசியர் எழுதலைன்னா? பன்னெண்டு ராசிக்காரனும் வாசல்ல வந்து நிப்பான் அண்ணாச்சி. ஒங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எத்தன மாசம்?"

"ஏழு."

"அப்ப அவசரப்படாதீங்க."

மார்ச் 26, புதன்

காலை ஆறே முக்காலுக்கு அக்கா.

"ஏல தம்பி, டி.வி.யில சொல்லுதாம். 29ஆம் தேதி பெயர்ச்சியே இல்லியாம். கோயில்ல பாக்குற வாக்கியப் பஞ்சாங்கத்துல அடுத்த வருசம் மார்ச்சு ஆறாம் தேதிதானாம். மெய்தானா?"

மெய்தான். திருக்கணிதப்படி இந்த 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. இரண்டு கணக்குக்கும் இடையில் பதினொரு மாதத்துக்கு மேல் இடைவெளி. திருநள்ளாறு உட்படப் பல கோயில்கள் பின்பற்றுவது வாக்கியம். எங்கள் இணைப்பு திருக்கணிதத்தை வைத்தது. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம். பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு இரண்டரை. கோள் எங்கே இருக்கிறது என்பதில் வானியலாளர்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். கோயில்ல இல்லைன்னா இல்லதான? அப்ப ஏப்ரல் ரெண்டும் ஜென்மச் சனியிலதான வருது?"

நான் பதில் சொல்வதற்குள், "டாக்டர்ட்ட அடுத்த வருசம்னு சொல்லிரட்டா?" என்றாள்.

நாளை வருகிறேன், அதுவரை யாரிடமும் எதுவும் சொல்லாதே என்றேன். ஏன் இன்றே போகவில்லை என்பதற்கு இன்று மாவட்ட ஆட்சியரின் செய்தியாளர் சந்திப்பு இருந்தது என்று எழுதலாம். அது பத்தரைக்கு முடிந்துவிட்டது.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அத்தான் நாற்காலியில், அக்கா தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. 2023 இணைப்பையும் இந்த வருட இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். விருச்சிகம், கும்பம். விரலை வைத்து வரி வரியாகக் காட்டினேன். "இத ஜோசியர் எழுதலக்கா. நான் எடுத்துப் போட்டேன். எடம் அடைக்க."

அக்கா இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ராசி பன்னெண்டு இருக்கு. பள்ளம் கும்பத்துல ஏன் விழணும்?"

"ஜோசியரோட பிள்ள எழுதி எழுதி அசந்து விட்டிருக்கும்."

"பழைய பேப்பர்ல எத்தனையோ பத்தி இருக்கும். இதுல ஏன் ஒன் கண்ணு போச்சு?"

"இதுதான் சரியா ஏழு வரி இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். சாட்சி சொல்ல வந்தவன் எதிர்த்தரப்புக்கு உதவிவிட்டதுபோல இருந்தது. "பாத்தியா? அளவெடுத்த மாதிரி. நீயா எழுதல தம்பி. ஒன் கைய வச்சு எழுதியிருக்கான். நீதான் எழுதுனேன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா 17ஆம் தேதிய பேப்பர் வந்த அன்னிக்கே மாத்திருப்பேன்."

என் பக்கம் இருந்த ஆதாரங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

அத்தான், "ஏட்டி ஆவுடை, அந்தப் போன எடு" என்றார். டாக்டரிடம் அவரே பேசினார். சீக்கிரம் எந்த நாள் இருக்கிறதோ அந்த நாள் போதும் என்றார். திங்கள், 31. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்னை வாசல்வரை விட வந்தார். "மாப்ள, எனக்குச் சனியும் கிடையாது கினியும் கிடையாது. அவ நம்புதா. நான் பயந்தேன். முப்பத்திரண்டு வருசம் மாஞ்சோலை மலை ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கேன், இப்படிப் பயந்ததில்ல. ஒன் வரி வந்துச்சு. அதுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டேன்."

"என்ன மன்னிச்சிருங்க அத்தான்."

"இரு, மொதல்ல பொழைக்கேன். அப்புறமா வச்சுத் திட்டுதேன்." சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பின் பின்பக்கம் கையை வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

அத்தானுக்கு முதுகின் கீழ்ப்பக்கம் வலி புதன்கிழமையே தொடங்கியிருக்கிறது. டிரைவருக்கு முதுகு வலிக்காமல் வேறு எங்கே வலிக்கும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஒன்பதே காலுக்கு மருத்துவமனையில் சேர்த்தோம். 6.6. கசிவு இல்லை. "இன்னும் இல்ல" என்றார் டாக்டர்.

நாளை காலை முதல் அறுவை. அக்காவுக்குக் காலண்டர் தேவைப்படவில்லை. "நாளைக்கா? சனிக்கிழமை. அமாவாசை. கிரகணம் வேற. ராத்திரி இவன் பேப்பர்ல சொல்லுற பெயர்ச்சி."

"கிரகணம் இந்தியாவுல தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

"தெரியாட்டா இல்லைன்னு ஆயிருமா டாக்டர்? இவுக வயித்துக்குள்ள இருக்கதும்தான் தெரியல."

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட அக்கா மறுத்துவிட்டாள். அத்தான் படுத்தபடியே வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினார்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து கும்பத்துக்கான திருத்தத்தை எழுதினேன். ஏழு வரிக்கு மேல் வந்தது. என் பெயரைப் போட்டு தேவசகாயத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது: 'திங்கள் கூட்டத்தில் பார்ப்போம். அத்தானுக்கு ஜெபிக்கிறேன்.'

மார்ச் 29, சனி

8.20. உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, "மாப்ள, டெப்போவுக்கு வந்தாச்சு" என்றார். நான்கு மணி நேரத்திலிருந்து நாலரை மணி நேரம் ஆகும், ஒரு மணிக்குள் வெளியே வந்து சொல்கிறேன் என்றார் டாக்டர்.

9.40. அம்பாசமுத்திரம் பத்திரிகை முகவருக்குப் போன் செய்து, கால் விரல் எடுக்க வேண்டிய சர்க்கரை நோயாளி வீடு எது என்று விசாரிக்கச் சொன்னேன். பெயர் கேட்டார். தெரியாது என்றேன்.

11.05. செவிலியர் வந்து மேலும் மூன்று யூனிட் ரத்தம் வேண்டும் என்றார். எங்கள் அச்சுப் பிரிவிலிருந்து நான்கு பேர் வந்து கொடுத்தார்கள். இசக்கியம்மாளும் வந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம் குறைவு என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

12.15. அக்கா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தேன், பிரிக்கவில்லை. இப்போது இந்த நோட்டைப் பார்த்தாள்.

"என்ன எழுதுத?"

"நடக்குறத."

"நடக்குறத எழுதி என்ன செய்ய?" குரலைத் தாழ்த்தினாள். "ஏல, நல்லதா ரெண்டு வரி எழுதேன். கும்பத்துக்கு. நீ எழுதுனா நடக்கு."

அவள் கேலி செய்யவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். பேனா என் கையில் இருந்தது. 'உயிருக்கு ஆபத்தில்லை' என்று எழுத எத்தனை விநாடி ஆகும்? அவளுக்கு அது இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட உதவும்.

"தெரியாதத எழுத மாட்டேன்க்கா."

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சா எழுதுன?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இடம் மாறி உட்காரவில்லை.

1.35. உறுதியானவை: அறுவை தொடங்கியது 8.50 மணிக்கு. ஏற்றப்பட்ட ரத்தம் இதுவரை ஏழு யூனிட். இரண்டும் செவிலியர் சொன்னவை. வேறு டாக்டர் ஒருவர் வேகமாக உள்ளே போனார். அவர் யார், எதற்கு என்று தெரியவில்லை.

நிலுவையில் இரண்டு. கும்பத்துக்கான திருத்தம்: திங்கள் காலை பதினொரு மணிக் கூட்டத்தில் முடிவாகும். அத்தான்: ஒரு மணிக்குச் சொல்வதாக இருந்தது. இப்போது இரண்டரை என்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அதையும் இரண்டரைக்குச் சொல்வார்களாம்.